பதில்: ஆளை உட்காரவைத்து வரைந்தால் தலை பெரிதாகிறது, ஃப்ளாரன்ஸ் போகலாமா?

போட்டோ பார்த்து வரைந்தால் சரியாக வருகிறது, ஆளை எதிரே உட்காரவைத்தால் தலை பெரிதாகிவிடுகிறது, அதனால் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் ஓவியம் படிக்க இத்தாலியிலுள்ள ஃப்ளாரன்ஸ் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 1991-இல் ஓவியர் டேனியல் கிரேவ்ஸ் தொடங்கிய ஃப்ளாரன்ஸ் அகாடமி ஆஃப் ஆர்ட் போன்ற இடங்களில் எடுத்த எடுப்பில் பிரஷ்ஷைக் கையில் தர மாட்டார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரோமோடு சேர்ந்து சார்ல்ஸ் பார்க் 1866 முதல் 1871 வரை கொண்டுவந்த பயிற்சித் தாள்களை, அதாவது அச்சிட்ட மாதிரிப் படங்களை, பார்த்து வரையச் சொல்வார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். வான்கோ தனியாக உட்கார்ந்து அவற்றைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்.

அந்த மாதிரித் தாளையும் நீங்கள் வரையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில் செங்குத்தாக மாட்டுங்கள். ஆறேழு அடி பின்னால் நின்று, குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, எதற்கு நேர் கீழே எது வருகிறது என்று பாருங்கள். முன்னே வந்து ஒரு புள்ளி வையுங்கள், மறுபடி பின்னால் போங்கள். காகிதத்தை ஒட்டி நின்றபடி அளக்கவே கூடாது. முதலில் உச்சியும் அடியும். அப்புறம் வளைவுகளையெல்லாம் நேர்கோடுகளாக. அதன்பின் நிழலின் ஓரம். கண், இமை எல்லாம் ரொம்பப் பிறகு. நீங்கள் முகத்திலிருந்து தொடங்குவதால்தான் தலை வீங்குகிறது என்று நினைக்கிறேன்.

அது கைவந்தால் ஒற்றை விளக்கொளியில் பிளாஸ்டர் சிலை, பிறகு ஆள்.

பிழைப்பைப் பற்றியும் கேட்டீர்கள். இப்படித் தத்ரூபமாக வரைகிற பலரும் உருவப்பட ஆர்டர், வகுப்பு இரண்டையும் வைத்துத்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். கேலரி விற்பனையை நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள். முதல் தாளை முடித்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.