கியூபாவின் இரண்டு பெசோக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,
கியூபாவில் மக்களுக்கு ஒரு பணம், சுற்றுலாப் பயணிகளுக்கு வேறு பணம் என்று இருந்ததாகப் படித்தேன். 2021-ல் அதை ஒழித்தும் விட்டார்கள். பிறகும் ஏன் விலைவாசி இப்படி ஏறியது? அப்படியென்றால் இரட்டை நாணயத்தின் மேல் பழி போட்டது தப்புதானே?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் அந்த வேறு பணத்தின் பெயர் மாற்றத்தக்க பெசோ. அது பயணிகளுக்கு மட்டும் என்று இருந்ததில்லை, கியூபாக்காரர்களும் வைத்துக்கொள்ள முடிந்தது, கடையில் கொடுக்க முடிந்தது. அது கையில் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சோவியத் உதவி நின்றுபோய் நாடு தத்தளித்தபோது 1993-ல் டாலரை அனுமதித்தார்கள், அடுத்த வருடம் டாலருக்குச் சமமாக இந்தப் பெசோ வந்தது, 2004-ல் கடைகளிலிருந்து டாலரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் இதை உட்காரவைத்தார்கள். அரசுச் சம்பளமோ சாதாரணப் பெசோவில். ரேஷனில் வந்தது மாதம் முழுக்கப் போதவில்லை, சோப்பு, எண்ணெய் என்று மீதிக்கு மாற்றத்தக்க பெசோ வேண்டியிருந்தது. பயணிகளுக்கு டாக்சி ஓட்டியவர் சமாளித்தார், அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் திண்டாடினார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் இதைவிடப் பெரிய கேடு கணக்குப் புத்தகத்தில் இருந்தது. ஒரு மாற்றத்தக்க பெசோவுக்கு மக்கள் 24 சாதாரணப் பெசோ வாங்கினார்கள். அரசு நிறுவனங்களுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று! ஒரு டாலருக்கு வெளியிலிருந்து சரக்கு வாங்கிய நிறுவனம் ஒரு பெசோதான் செலவு என்று எழுதியது, ஒரு டாலர் சம்பாதித்துக் கொடுத்த ஏற்றுமதி நிறுவனத்துக்கும் வரவு அதே ஒரு பெசோ. இறக்குமதி மலிவு, ஏற்றுமதி நஷ்டம் என்று வருடக்கணக்காக ஏடுகள் சொல்லிக்கொண்டே இருந்தால், எந்த மேலாளர் உள்ளூர் வயலைத் திரும்பிப் பார்ப்பார்? யார் உண்மையில் சம்பாதிக்கிறார்கள், யார் தின்று தீர்க்கிறார்கள் என்பது திட்டமிடுபவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

சரி, ஒழித்த பிறகு? 2021 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் டாலருக்கு 24 என்றார்கள், சம்பளத்தையும் பல மடங்கு ஏற்றினார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது, அமெரிக்கத் தடைகளும் இறுகியிருந்தன, கடையில் சரக்கு இல்லை, விலை ஏறாமல் என்ன செய்யும்? 24-க்கு டாலர் கொடுக்க வங்கியிடமும் கையிருப்பு இல்லாததால் மக்கள் தெருவில் அதைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கினார்கள். 2022 ஆகஸ்டில் அரசே மக்களிடமிருந்து 120 பெசோவுக்கு டாலர் வாங்க ஆரம்பித்தது, நிறுவனங்களுக்கு மட்டும் பழைய 24. அப்புறம், வெளிநாட்டுப் பணம் போட்ட அட்டை இருந்தால்தான் உணவு வாங்க முடியும் என்ற கடைகளை 2020-லேயே திறந்துவிட்டார்கள். சம்பளப் பெசோவை மட்டும் வைத்திருப்பவர் அங்கே எதுவும் வாங்க முடியாது, எஸ். இதைப் போய் ஒழிப்பு என்று எப்படிச் சொல்வது?