குரூப் பை குளறுபடிகள்: ஜாங்கோ கேள்வி-பதில்

கே: ஜாங்கோவில் (பைத்தான் வலைச் சட்டகம்) வினவல் எழுதும்போது, புலங்களைத் தேர்ந்தெடுக்கும் வேல்யூஸ் முன்னால் வரவேண்டுமா, கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் அனோட்டேட் முன்னால் வரவேண்டுமா?

ப: வேல்யூஸ் முன்னால் வந்தால் அதிலுள்ள புலங்களே குரூப் பை, அதாவது பதிவுகளைக் குழுவாகப் பிரிக்கும் அடிப்படை. பின்னால் வந்தால் கணக்கு பதிவுக்குப் பதிவு நடந்து முடிந்திருக்கும். காட்டும் புலங்கள்தான் குறையும்.

கே: மாதவாரியாக விற்பனைத் தொகை கேட்டேன். 12 வரிகள் வரவேண்டிய இடத்தில் நாலாயிரம் வருகின்றன. இது ஜாங்கோவின் பிழைதானே?

ப: இல்லை. நீங்கள் அனுப்பிய நிரலின் கடைசி வரியைப் பாருங்கள்: பில் தேதியை வைத்து ஆர்டர் பை. வரிசைப்படுத்தக் கொடுக்கும் புலமும் குரூப் பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தேதியில் மணி, நிமிடம், நொடி எல்லாம் இருப்பதால் ஏறக்குறைய ஒவ்வொரு பில்லும் தனிக் குழு. மாதத்தை வைத்தே வரிசைப்படுத்துங்கள், சரியாகிவிடும். முன்பெல்லாம் இன்னும் மோசம். மாடலின் (அட்டவணையைக் குறிக்கும் வகுப்பு) மெட்டா அமைப்பில் எப்போதோ எழுதிவைத்த ஆர்டரிங் கூடச் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும். ஒருமுறை அதைத் தேடியே எனக்கு இரண்டு நாள் போயிற்று. 3.1 பதிப்பில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் வெறும் அடைப்புக்குறியோடு ஓர் ஆர்டர் பை போட்டு அதை நீக்கிவிடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் யாரும் செய்வதில்லை: பிழை என்று கடிதம் எழுதுமுன், ஜாங்கோ தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல்லை அச்சிட்டுப் பாருங்கள். இந்தத் தேதிப் புலம் அங்கே பளிச்சென்று தெரிந்திருக்கும்.

கே: கவுண்ட் (எண்ணிக்கை) தப்பாக வருகிறது. உடனே உதவவும்.

ப: எந்த மாடல், எந்தப் புலம், எவ்வளவு குறைகிறது? ஒன்றும் எழுதாமல் அவசரம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். புலத்தின் பெயர் கொடுத்தால் நல் (null), அதாவது வெற்று மதிப்புகள் எண்ணிக்கையில் சேரா. அதுவாக இருக்கலாம்.

கே: வாடிக்கையாளருக்கு 3 பில், 2 ரசீது. இரண்டையும் ஒரே வினவலில் எண்ணினால் இரண்டுமே 6 என்கிறது.

ப: இரண்டு ஜாயின் (அட்டவணை இணைப்பு): ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு ரசீதோடும் சேரும், மூவிரண்டு ஆறு. கவுண்ட்டுக்கு டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போதும். சம்முக்கு (கூட்டுத்தொகை) அதைப் போட்டுவிடாதீர்கள். 500 ரூபாய்க்கு இரண்டு பில் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடும். சப்குவெரி (வினவலுக்குள் தனி வினவல்) எழுதுங்கள். எழுதியபின், அதேதான், எஸ்க்யூஎல்லை அச்சிட்டுப் பாருங்கள்.

கே: ஐந்துக்கு மேல் பில் உள்ளவர்களை மட்டும் எடுப்பது எப்படி?

ப: அனோட்டேட்டுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையின் மேல் ஃபில்டர். அது எஸ்க்யூஎல்லில் ஹேவிங் (குழுக்களை வடிகட்டும் நிபந்தனை) ஆகிவிடும்.

கே: பில்லே இல்லாதவருக்கு சம் பூஜ்யம் தராமல் நன் (None, மதிப்பே இல்லை) என்கிறது.

ப: ஜாங்கோ 4.0 முதல் டிஃபால்ட் (பதிலுக்கு வரவேண்டிய மதிப்பு) கொடுக்கலாம். அதற்கு முன் என்றால் கோலெஸ் (நல் வந்தால் மாற்று மதிப்பு தரும் செயற்கூறு).