பாய் வெட்டிப் பழக கட்டானா: லாங்சுவானா, ஜப்பான் கொல்லரா?

சுருட்டின பாயை வெட்டிப் பழக ஒரு கட்டானா (ஜப்பானிய நீள வாள்) வேணும், சீனப் பட்டறையும் ஜப்பான் கொல்லரும் சொன்ன விலைக்கு நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு, எங்க வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க. பழகத்தான்னா வாள் செய்யிறதுக்குப் பேர் போன சீனாவோட லாங்சுவான் ஊர்ப் பட்டறையிலயே ஆர்டர் போடுங்க. ஜப்பான்ல லைசென்ஸ் உள்ள கொல்லர் மாசத்துக்கு 2 நீள வாள்தான் அடிக்கலாம்னு கட்டுப்பாடு இருக்கு, பாலிஷ், உறை எல்லாம் வேற வேற கைவினைஞர் வேலை, உங்களுக்கு வந்த ரெண்டு விலைக்கும் அவ்ளோ வித்தியாசம் அதனாலதான் இருக்கும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்க செஞ்ச வாள விளக்குக்கு கீழ சாய்ச்சு வீடியோ அனுப்பச் சொல்லுங்க. ஹமோன்னா வாளோட கூர்ப்பக்கம் நெடுக தெரியுற கோடு. களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி தோய்ச்சதால வந்த நிஜ ஹமோன்னா அந்தக் கோட்டோரம் பனிமூட்டம் மாதிரி மினுங்கும், சில இடத்துல பொடிப் பொடியா புள்ளி தெரியும், ஆசிட்ல வரைஞ்சது தட்டையா வெளுத்து நிக்கும். அனுப்ப மறுத்தா அந்தப் பட்டறைய விட்டுடுங்க.

ஆனா ஹமோன் நிஜமா இருந்தா மட்டும் போதாது. கைப்பிடி லேசா ஆடினாலோ கத்திய கைப்பிடியோட பிடிச்சு வைக்கிற மூங்கில் ஆணி லூஸா இருந்தாலோ தயவுசெஞ்சு வீசாதீங்க, கத்தி கழண்டு பறந்துடும்.