இரண்டு ஹிங்க்ஸ் இல்லை, ஒரே ஆள்தான்

ஹிங்க்ஸ் என்ற பெயரில் 1851-ல் கனடாவின் பிரதமர், அப்புறம் பார்படோஸ் ஆளுநர், 1869-ல் கனடாவின் நிதியமைச்சர். இது அப்பாவும் மகனுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை நண்பரே, ஒரே பிரான்சிஸ் ஹிங்க்ஸ்தான். குழப்புவது 'கனடா' என்ற பெயர். 1851-ல் அது பிரிட்டிஷ் மாகாணம். மாகாணங்கள் சேர்ந்து இன்றைய கனடாக் கூட்டாட்சி பிறந்தது 1867-ல்.

அயர்லாந்தில் பிறந்து டொராண்டோவில் ஒரு சின்ன வங்கியின் மேலாளராக இருந்தவர். அந்தப் புத்தி அமைச்சரான பிறகும் போகவில்லை. அப்போது அமெரிக்க வெள்ளிக் காசு கனடாக் கடைகளில் குவிந்து கிடந்தது. கடைக்காரர் வாங்கிக்கொள்வார், வங்கியோ மதிப்பைக் குறைத்துத்தான் எடுக்கும். நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டுமா? அந்தக் காசை நாட்டைவிட்டு வெளியேற்றிவிட்டு, சில்லறைக்கு 1870-ல் 25 சென்ட் தாள் நோட்டு விட்டார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. உங்கள் கட்டுரைக்கு இதையே மையமாக வையுங்கள். அவர் கொண்டுவந்த 1871 வங்கிச் சட்டத்தை அடுத்துச் சொல்லலாம்.

முடிவையும் விட்டுவிடாதீர்கள். பதவி போனபின் மறுபடி வங்கிக்கே போனார். அவர் தலைவராக இருந்த கன்சாலிடேட்டட் வங்கி 1879-ல் திவாலானது. 1885-ல் மாண்ட்ரியலில் பெரியம்மை கண்டு இறந்தார்.