எர்வின், ஈஆர் ஸ்டூடியோ போன்ற தரவு மாடல் வரையும் மென்பொருள்கள் ஃபேக்ட் (தொகை, எண்ணிக்கை போன்ற அளவுகளைப் பதிபவை), டைமென்ஷன் (அந்த அளவுகளை யார், எப்போது என்று விவரிப்பவை) அட்டவணைகளைத் தாமாகவே பிரித்துக் காட்டுகின்றன. இந்த இரு வகை அட்டவணைகளைக் கொண்டு அறிக்கைகளுக்கான டைமென்ஷனல் மாடல் அமைக்க அது போதுமா?

போதாது. பில்லிங் தரவுத்தளம் ஒன்றை ரிவர்ஸ் எஞ்சினியரிங் செய்து (இருக்கும் அட்டவணைகளிலிருந்தே படத்தை எடுத்து), படத்தின் நோட்டேஷனை டைமென்ஷனல் என்று மாற்றியதும் ஒவ்வோர் அட்டவணையின் மீதும் ஒரு முத்திரை விழுந்துவிடுவதால், பாதி வேலை முடிந்துவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் மென்பொருள் பார்ப்பது உறவுக் கோடுகளின் திசையை மட்டுமே. எர்வினின் கணக்குப்படி, வேறு எதற்கும் பேரன்ட்டாக (தன் கீயை, அதாவது அடையாள நெடுவரிசையை, இன்னோர் அட்டவணைக்குக் கொடுப்பதாக) இல்லாத அட்டவணை ஃபேக்ட். அதற்குப் பேரன்ட்டாக இருப்பது டைமென்ஷன். அந்த டைமென்ஷனுக்குப் பேரன்ட்டாக இருப்பது அவுட்ரிக்கர்.

இதன் விளைவை இன்வாய்ஸ் அட்டவணைகளில் தெளிவாகக் காணலாம். வாடிக்கையாளருக்குக் கீழே இன்வாய்ஸ் ஹெடர் (பில்லின் பொது விவரங்கள்), அதற்குக் கீழே இன்வாய்ஸ் லைன் (பில்லின் ஒவ்வொரு வரி) என்று மூலத் தரவுத்தளம் அமைந்திருப்பதால், லைன் ஃபேக்டாகவும், ஹெடர் டைமென்ஷனாகவும், அறிக்கைகளில் முதலில் கேட்கப்படும் வாடிக்கையாளர் எங்கோ ஓரத்தில் அவுட்ரிக்கராகவும் நின்றுவிடுகின்றன. ஹெடரும் லைனுக்கு இணையாகவே வளர்ந்துகொண்டு போகும் அட்டவணை என்பதால், அது டைமென்ஷனாக இருக்கத் தகுதியற்றது. ஆகவே அதைக் கலைத்துவிட்டு, வாடிக்கையாளர் கீயையும் தேதிக் கீயையும் நேரடியாக லைன் ஃபேக்டுக்குக் கொண்டுவந்து, இன்வாய்ஸ் எண்ணைத் தனி அட்டவணை இல்லாத டீஜெனரேட் டைமென்ஷனாக ஃபேக்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கலைக்கும்போது ஹெடரில் இருந்த டெலிவரி கட்டணத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழும். டைமென்ஷனல் மாடலிங் வல்லுநர் ரால்ஃப் கிம்பல் வகுத்த நான்கு படிகளில், வணிகச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுத்த உடனேயே கிரெய்னை (ஒரு ஃபேக்ட் வரிசை எதைக் குறிக்கிறது என்பதை) அறிவிக்கச் சொல்வதும், டைமென்ஷன்களும் ஃபேக்டுகளும் அதற்குப் பிறகே வருவதும் இதற்காகத்தான். ஒரு ஃபேக்ட் வரிசை என்பது ஓர் இன்வாய்ஸ் லைன் என்று முடிவு செய்துவிட்டு, 90 என்ற டெலிவரி கட்டணத்தை அந்த இன்வாய்ஸின் மூன்று லைன்களிலும் அப்படியே எழுதினால், கூட்டும்போது 270 வரும். கட்டணத்தை லைன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம், அல்லது இன்வாய்ஸ் கிரெய்னில் இன்னொரு ஃபேக்ட் அட்டவணை வைக்கலாம். எதைக் கொண்டு பகிர்வது என்று வணிகத் தரப்பு ஒத்துக்கொண்டால் முதல் வழியையே நான் விரும்புவேன். அவர்கள் தயங்கினால் இரண்டாவதே பாதுகாப்பானது.

தேதி டைமென்ஷனிலிருந்து ஃபேக்டுக்கு ஆர்டர் தேதி, அனுப்பிய தேதி என இரண்டு கோடுகள் இழுத்தால், ஒவ்வொன்றுக்கும் ரோல்நேம் (ஃபேக்டில் அந்தக் கீக்குத் தனிப் பெயர்) தர மறக்காதீர்கள். தராவிட்டால் எர்வின் ஒரே பெயருள்ள ஃபாரின் கீக்களை (பேரன்ட்டிடமிருந்து வந்த கீக்களை) ஒரே நெடுவரிசையாக இணைத்துவிடும். படத்தில் கோடுகள் இரண்டாகவே தெரிவதால் இது சட்டென்று கண்ணில் படாது. டைமென்ஷனிலிருந்து வரும் உறவுகளை நான்-ஐடென்டிஃபையிங் ஆக வைத்தால் எல்லா ஃபாரின் கீக்களும் ஃபேக்டின் பிரைமரி கீயில் (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கீயில்) போய் அடைவதைத் தவிர்க்கலாம். இன்வாய்ஸ் எண்ணும் லைன் எண்ணும் சேர்ந்தாலே அங்கே போதுமான கீ கிடைத்துவிடும்.

டைப் 2 முறையில் (மாற்றம் வரும்போது புதிய வரிசை சேர்த்து) வரலாறு காக்கும் வாடிக்கையாளர் டைமென்ஷனில், சரோகேட் கீயை (வணிகப் பொருள் இல்லாத எண்ணை) பிரைமரி கீயாக்கிய பிறகு, பழைய வாடிக்கையாளர் குறியீட்டை மட்டும் ஆல்டர்நேட் கீயாக (பிரைமரி கீக்கு மாற்றான அடையாளமாக) விட்டுவைக்கக் கூடாது. ஆல்டர்நேட் கீக்கு மென்பொருள், ஒரே மதிப்பு இருமுறை வருவதைத் தடுக்கும் யுனீக் இன்டெக்ஸை உருவாக்கும் என்பதால், ஒருவர் முகவரி மாறி அதே குறியீட்டுக்கு இரண்டாவது வரிசை வரும்போது தரவு லோட் நின்றுபோகும். குறியீட்டுடன் தொடக்கத் தேதியையும் சேர்த்து அந்த ஆல்டர்நேட் கீயை அமைத்துவிடுங்கள்.