கல்லாவோரம் தொங்கும் நெருப்புக் கயிறு
(வாசகர் கேள்வி – பதில்)

உணவகத்திலும் பாரிலும் புகைபிடிக்கத் தடை தேவையா என்று கேட்டு இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

விடிகாலை மூணு மணிக்கே கடை திறந்துடுவோம். கரைக்கு வர்றவங்களுக்கு டீயும் பீடியும் சேர்ந்ததுதான் வியாபாரம். கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு, அவ்வளவுதான். இதுவும் உணவகக் கணக்கில் வருமா ஐயா?
– டீக்கடைக்காரர், பாம்பன்

வரும். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உணவகம், சிற்றுண்டிச் சாலை, காபிக் கடை, பார், வேலை செய்யும் இடம் எல்லாமே அவற்றில் பொது இடம்தான். சிகரெட்டுக்கு ஒரு நியாயம், பீடிக்கு ஒரு நியாயம் என்று சட்டம் பார்க்கவில்லை. சுவர் இல்லை, கீற்றுதான் என்பதும் எடுபடாது. பெஞ்சு போட்டு உட்காரவைத்துப் பரிமாறும் இடம் வெட்டவெளி ஆகாது.

உங்களைப் போன்ற கடைகளில் பலரும் கவனிக்காதது, கல்லாவோரம் கனிந்துகொண்டு தொங்கும் தேங்காய்நார்க் கயிறு. புகைக்க உதவும் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்ற எதையும் அங்கே கொடுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. கயிறும் அந்த வகைதான். பீடி அடிக்கடி அணையும் சரக்கு, அதனால்தான் கயிறு தேவைப்படுகிறது. கயிறு இருக்கும் வரை ஆளும் அங்கேயே நிற்பார். முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கீற்றுக்கு அடியில் ஒரு பொறி என்ன செய்யும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கொட்டகையிலிருந்து பதினைந்து, இருபது அடி தள்ளி, காற்று போகும் பக்கமாக ஒரு பழைய இரும்பு வாளியில் பாதி அளவு ஈர மணல் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் மணல் சீக்கிரம் காய்ந்துவிடும், காலையும் மாலையும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மணலில் கட்டை பீடி அணையாமல் கிடக்கும், காற்று அதைத் தூக்கிக் கீற்றில் போடும். ஒன்று மட்டும் கவனம்: பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருந்தால் அங்கே வாளி வைக்காதீர்கள், அதுவும் தடை உள்ள இடமே.

எங்கள் ஹோட்டலில் நாற்பது இருக்கை. மாடியில் ஏ.சி. ஹால். முப்பது இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் புகைக்கத் தனி இடம் வைக்கலாம் என்கிறார்கள். ஹாலின் ஒரு மூலையைக் கண்ணாடித் தடுப்பால் மறைத்தால் போதுமா?
– உணவக உரிமையாளர், கீழக்கரை

போதாது. முப்பது இருக்கை கணக்கு உண்மை. ஆனால் அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை விதி கறாராகச் சொல்கிறது. நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்று நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும், ஹாலுக்குத் திரும்பக் கூடாது. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வாசலை ஒட்டி அந்த அறை அமையக் கூடாது.

ஏ.சி. ஓடுகிறதே என்று பலர் நினைப்பதுதான் முதல் தவறு. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், புகையும் அதோடு சேர்ந்து சுற்றும்.

கணக்கைப் பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி என்றால் அறையில் 900 கன அடி காற்று. ஐந்து பேர் புகைத்தால், ஆளுக்கு நிமிடத்துக்கு 60 கன அடி வீதம் 300 கன அடி வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் தகட்டில் போட்டிருக்கும் கணக்கில் அது மணிக்கு ஏறத்தாழ 510 கன மீட்டர். தகட்டில் உள்ள எண் எதிரே தடையில்லாதபோது கிடைக்கும் அளவு. குழாயில் இரண்டு வளைவு போட்டால் நன்றாகவே குறைந்துவிடும், ஆகவே இரு மடங்கு திறன் உள்ளதாக வாங்க வேண்டியிருக்கும்.

வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு சதுர அடிக்கு லூவர் (காற்று நுழையும் சாய்பட்டைத் திறப்பு) வையுங்கள், இல்லையென்றால் ஃபேன் சத்தம் போடுமே தவிர இழுக்காது. அப்படி இழுக்கப்படுவது ஹாலின் குளிர்ந்த காற்று. நம் கடற்கரை ஈரப்பதத்தில், அந்த 300 கன அடியை ஈடுகட்டவே ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றின் வேலை போய்விடும். கரண்ட் பில் உங்கள் தலையில்.

அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். கதவை மூடி, கீழ் லூவர் அருகே ஹால் பக்கமாகப் பிடியுங்கள். புகை அறைக்குள் போனால் சரி, ஹாலுக்குத் திரும்பினால் தவறு. சமையலறை ஃபேன்களை முழுதாக ஓடவிட்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். அடுப்பங்கரை ஃபேன் பலமாக இருந்தால் புகை அறையிலிருந்தே காற்றை உறிஞ்சி, பிரியாணி சாப்பிடுகிறவர் மேசை வழியாகக் கொண்டுபோகும். காலையில் சோதித்துவிட்டு மதியம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கீழக்கரைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. எக்ஸாஸ்ட் துளையை மேற்கு, தென்மேற்குச் சுவரில் வைத்தால் கச்சான் காற்று புகையை உள்ளே தள்ளும். வடகிழக்கில் வைத்தால் ஐப்பசி முதல் வாடை தள்ளும். எந்தச் சுவரும் வருடம் முழுக்கத் தோதுப்படாது, குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றித் தொப்பி போட வேண்டும். தகரக் குழாய் உப்பில் துருப்பிடித்து ஓட்டையாகும், பி.வி.சி. நல்லது. கதவை மூடும் ஸ்பிரிங்கும் உப்பில் இறுகிவிடும். பிறகு கதவு திறந்தே கிடக்கும், அந்த நிமிடமே அறை விதிக்குப் புறம்பாகிவிடும்.

இவ்வளவும் செய்தபின், 2017-ல் வந்த திருத்தப்படி அந்த அறையில் வேறு எந்தச் சேவையும் கூடாது. டீ கொண்டுபோகக் கூடாது, சாப்பாடு வைக்கக் கூடாது. நூறு சதுர அடி இடம், தனி ஃபேன், ஒன்றரை டன் குளிர்ச்சி, ஒரு ரூபாய் வருமானம் இல்லை! எங்கள் யோசனை: கட்டாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு மேசை போடுங்கள்.

பாரில் சப்ளையராக இருக்கிறேன், பதினோரு மணி நேர வேலை. நான் புகைப்பதில்லை. மேலே இரண்டு ஃபேன் ஓடுகிறது, ஜன்னலும் இருக்கிறது. இது போதாதா?
– மண்டபம் வாசகர்

போதாது. புகைப்பவர் ஊதிவிடும் புகையைவிட, அவர் விரலிடுக்கில் சும்மா எரியும் முனையிலிருந்து வருவதுதான் அறையில் அதிகம். அது ஃபில்டர் வழியாக வருவதும் இல்லை. துகள்கள் மிக நுண்ணியவை, கீழே படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். சீலிங் ஃபேன் அவற்றை வெளியேற்றாது, எல்லா மேசைக்கும் சமமாகப் பங்கு வைக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2006-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை தெளிவாகவே சொன்னது. அடுத்தவர் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் பேர் சாவதாக உலகச் சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது.

சாப்பிட வருபவர் முக்கால் மணியில் எழுந்து போகிறார், நீங்கள் பதினோரு மணி நேரம் அங்கேயே நிற்கிறீர்கள். இந்தத் தடை முதலில் வாடிக்கையாளருக்காக அல்ல, உங்களுக்காக என்றே நாங்கள் பார்க்கிறோம். தொடர்ந்து இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். நீங்கள் புகைப்பதில்லை, ஆனால் வேலையிடம் முழுக்கப் புகை என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்காமல் போகலாம்.

குடிக்க அனுமதித்துவிட்டுப் புகைக்கக் கூடாது என்றால் யார் பாருக்கு வருவார்கள்? விருப்பமில்லாதவர் வேறு கடைக்குப் போகட்டுமே. இது வியாபாரத்தில் கைவைப்பது இல்லையா?
– இராமநாதபுரம் வாசகர்

நியூயார்க் நகரம் 2003 மார்ச்சிலும் அயர்லாந்து 2004 மார்ச் 29-லும் பார்களில் தடை கொண்டுவந்தபோது இதே கேள்விதான் எழுந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் உணவகம், பார்களின் வரி வரவு 8.7 சதவீதம் கூடியதாக நகர நிர்வாகம் சொன்னது. அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம், அந்த ஊர் 2001 தாக்குதலிலிருந்து மீண்டுகொண்டிருந்த நேரம் அது. ஆனால் பார்கள் மூடிப்போகும் என்று சொன்னது பொய்த்தது மட்டும் உறுதி. எல்லாக் கடைக்கும் ஒரே தடை என்றால் யாருடைய வாடிக்கையாளரும் பக்கத்துக் கடைக்கு ஓட மாட்டார். ஒருவர் மட்டும் கடைப்பிடித்து மற்றவர் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் நட்டம்.

'வேறு கடைக்குப் போகட்டும்' என்பது வாடிக்கையாளருக்குப் பொருந்தும், சப்ளையருக்குப் பொருந்தாது. எதிர்ப்பவர்கள் சொல்வதில் எங்களுக்கு நியாயமாகப் படுவது வேறு: காவல்காரர் வேலையை உரிமையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். புகைப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். 2003-ல் எழுதிய தொகைக்கு இன்று யார் பயப்படுவார்?

சொன்னாலும் சிலர் கேட்பதில்லை. சண்டை போடவும் முடியாது, குடும்பத்தோடு யாத்திரை வருபவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்வது?
– உணவக மேலாளர், இராமேசுவரம்

முதலில் பலகை. குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி. 15 செ.மீ.க்குக் குறையாத வட்டம், 3 செ.மீ. அகலச் சிவப்பு விளிம்பு, உள்ளே புகையும் சிகரெட் அல்லது பீடி படத்தைச் சிவப்புப் பட்டை வெட்ட வேண்டும். 'புகைபிடிக்கக் கூடாத பகுதி – இங்கு புகைபிடிப்பது குற்றம்' என்று எழுதுங்கள். வாசலில் ஒன்று, மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும். யாரிடம் புகார் சொல்ல வேண்டுமோ அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் ஊருக்கு வடநாட்டு யாத்திரிகர் அதிகம், இந்தியிலும் ஒன்று வைத்தால் பேச்சு மிச்சம்.

பற்றவைக்கும் முன்பே, பெட்டியைக் கையில் எடுக்கும்போதே சொல்லுங்கள். பற்றவைத்த பின் அணைக்கச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும். "வெளியே வாளி வச்சிருக்கோம் சார், சாப்பாட்டை மூடி வைக்கிறேன், போயிட்டு வாங்க" என்றால் பெரும்பாலும் எழுந்துவிடுவார். கேட்காவிட்டால் அடுத்த பண்டம் மேசைக்குப் போக வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், சார்பு ஆய்வாளரும் அவருக்கு மேலுள்ளவர்களும் அபராதம் போடலாம். புகார் வந்தும் சும்மா இருந்தால் எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம் உங்கள் மேலேயே விழும். ஐந்து பேர் என்றால் ஆயிரம் ரூபாய்.

ரிசார்ட்டில் ஹூக்கா வைக்கலாமா? இ-சிகரெட்டுக்கு இந்தச் சட்டம் இல்லையாமே?
– உச்சிப்புளி வாசகர்

இரண்டும் வேண்டாம். ஹூக்கா பாரைத் தடுக்கும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றியது. இ-சிகரெட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2019 முதல் நாடு முழுவதும் விற்பனையே தடை. விருந்தினர் பையில் கொண்டுவந்தாலும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், இருப்பு வைப்பதும் குற்றம்.