டிரைவர் மெடிக்கல்: டாக்டரிடம் கேட்டவை

லைசென்ஸுக்கான மெடிக்கல் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் வயதை எழுதவில்லை. என்ன வண்டி ஓட்டுகிறார்கள் என்றும் எழுதவில்லை. ஊகித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கோத்தகிரி: எனக்கு 24 வயதுதான். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு ஃபார்ம் 1 போதாதா, 1ஏவும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். 1 நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, 1ஏ டாக்டர் கொடுப்பது. 40 வயதுக்கு மேல்தான் 1ஏ என்ற கணக்கெல்லாம் சொந்த வண்டிக்காரர்களுக்கு.

ஊட்டி: கேரட் லோடு ஓட்டுகிறேன். போன வாரம் மெடிக்கலில் பிரஷர் 160 காட்டியது. மறுபடி போகும்முன் நண்பருடைய மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாமா?

கூடாது. அடுத்தவர் மாத்திரையில் பிரஷர் திடீரென இறங்கி, பர்லியார் பக்கம் ஒரு வளைவில் கண் இருட்டினால் என்ன செய்வீர்கள்? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

போன வாரம் எப்படிப் போனீர்கள் என்று நானே சொல்லவா? விடிய விடிய லோடு ஏற்றி, பனியில் நின்று, இரண்டு ஸ்ட்ராங் டீ, ஒரு பீடி, நேராக டாக்டர் முன்னால். குளிரே பிரஷரை ஏற்றும், டீயும் பீடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதல்நாள் இரவு தூங்குங்கள். டீ, பீடி முடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 140க்கு மேலேயே நின்றால் அது நிஜப் பிரஷர், வைத்தியம் பாருங்கள். உங்களுக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரை ஏற்கெனவே இருந்தால் அன்று காலையும் வழக்கம்போலப் போடுங்கள். மெடிக்கலுக்காக யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கூடலூர்: சிவப்பு, பச்சை கொஞ்சம் குழம்புகிறது. லைசென்ஸ் கிடைக்காதா?

2020இல் விதி தளர்ந்தது. லேசான, நடுத்தர நிறக்குறை இருந்தாலும் லைசென்ஸ் பெறலாம், கடுமையாக இருந்தால் முடியாது. உங்களுடையது எந்த அளவு என்பதைக் கண் டாக்டர் சொல்லட்டும்.

குன்னூர்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தால் காது அடைத்துக்கொள்கிறது. மெடிக்கலில் கழித்துவிடுவார்களா?

மாட்டார்கள். 1,500 மீட்டர் ஏறுகிறீர்கள், காதுக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாகும்வரை அடைக்கத்தான் செய்யும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். மெடிக்கலில் பார்ப்பது ஹாரன் போன்ற சாதாரண ஒலி கேட்கிறதா என்பதைத்தான். மலை ஏறிய கையோடு போகாமல் இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். அடைப்பு நாள் முழுக்க இருந்தால் அழுக்காக இருக்கும், டாக்டர் எடுப்பார். வண்டிச் சாவியால் குடையாதீர்கள்.

அருவங்காடு: லீவு கிடைக்கவில்லை. மகனிடம் போட்டோ கொடுத்தனுப்பினால் 1ஏவில் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? வேறு இடத்தில் தருகிறார்கள்.

தர மாட்டேன். 'பரிசோதித்தேன்' என்று அந்த ஃபார்மில் எழுதியிருக்கிறது. கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழவேண்டும் என்று வைத்திருப்பதே, எதிரில் உட்கார்ந்திருந்த ஆளும் போட்டோவில் இருப்பவரும் ஒருவர்தான் என்பதற்காக. ஆளே இல்லாமல் நான் யாரைப் பரிசோதிப்பது, உங்கள் மகனையா?

வந்தவர்களைப் பார்த்தே நான் ஏமாந்திருக்கிறேன். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நின்று நம்பர் பிளேட்டைப் படிக்கவேண்டும், சுமார் 35 எட்டு. என் ஜீப் கிளினிக் வாசலில்தான் நிற்கும், வருடக்கணக்காக அதைத்தான் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒருவர் வந்தார், மேட்டுப்பாளையம் லைனில் இருபது வருடம். கேட்டதும் கடகடவென்று நம்பரை ஒப்பித்தார். என் ஜீப் நம்பர்தான், ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் ஜீப் அன்று ஒர்க்‌ஷாப்பில். வாசலில் நின்றது யாரோ ஒருவரின் பச்சைத்தேயிலை ஏற்றிய பிக்கப். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நம்பரைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள், எத்தனை வருடமாகவோ!

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் வந்தார், அப்போது வளைவில் திரும்பிய பஸ் நம்பரையே படித்தார். இத்தனை காலம் இறக்கத்தில் எதிரே வந்தவர்கள் பிழைத்தது புண்ணியம். அன்றிலிருந்து எந்த வண்டி வருகிறதோ அதைத்தான் படிக்கச் சொல்கிறேன். லீவு போட்டுவிட்டு நேரில் வாருங்கள். கண்ணாடி போடுபவரானால் அதையும் எடுத்து வாருங்கள்.

மஞ்சூர்: ராத்திரியில் எதிர் வண்டி லைட் சிதறித் தெரிகிறது. மாலைக்கண்ணா?

வயதும் இல்லை, கண்ணாடி உண்டா என்றும் இல்லை. மாலைக்கண் என்றால் வெளிச்சம் குறைந்ததுமே பார்வை மங்கும். லைட் சிதறுவது புரை ஆரம்பமாகவும் இருக்கலாம், துடைக்காத விண்ட்ஷீல்டாகவும் இருக்கலாம். முதலில் விண்ட்ஷீல்டைத் துடையுங்கள், அப்புறமும் சிதறினால் கண் டாக்டர்.

லவ்டேல்: இன்சுலின் போடுகிறேன். வெறும் வயிற்றோடு வரணுமா?

வேண்டாம். ஃபாஸ்டிங் சுகர் கேட்டிருந்தால் மட்டும் அப்படி வாருங்கள், ஆனால் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். சாப்பிடாமல் இன்சுலினும் போடாதீர்கள். வண்டியில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். சர்க்கரை இறங்கிப் படபடவென்று வந்தால் வர்க்கியைக் கடிக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். ஃபார்ம் 1இல் மயக்கம், தலைசுற்றல் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதுங்கள்.

கேத்தி: லைசென்ஸ் போன மாதம் முடிந்தது. 30 நாள் சலுகை உண்டுதானே?

அது 2019 திருத்தத்தோடு போயிற்று. இப்போது ஒருநாள்கூட ஓட்டக்கூடாது. ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம் என்று எத்தனை முறை எழுதுவது?

வெலிங்டன்: கேஸ் லாரி லைசென்ஸும் 5 வருடம் செல்லும்தானே?

இல்லை, 3.

கோத்தகிரி, இன்னொருவர்: கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்வார்கள். உங்களுடைய கண்ணாடியாக இருக்கட்டும். போன மாதம் ஒருவர் மனைவியின் கண்ணாடியோடு வந்து, பஸ் இருக்கும் திசையே தெரியாமல் நின்றார்.